தெனார் அளந்த ஆக்சிஜன்

சென்ற ஆண்டு எங்கள் பெரியப்பாவின் சாயப்பட்டறையில் வெளுத்த பட்டு நூல், தறியில் ஏறியதும் இழை இழையாக அறுந்தது. அவர் வழக்கமாக வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் 100 வால்யூம் என்றிருக்கும். அன்று வந்த கேனில் 50 சதவீதம் என்றிருந்தது. பாதி வலிமைதானே என்று எண்ணி இரட்டிப்பாக ஊற்றியிருந்தார். காரணம் என்னவென்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பதில் தெரியாமல் விழித்தேன்.

விடை தேடியபோதுதான் லூயி ழாக் தெனார் எனக்கு அறிமுகமானார்.

பிரான்சு நாட்டில் லா லூப்தியேர் என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்தில் 1777-இல் பிறந்தவர் அவர். பதினேழு வயதளவில் பாரிசு சென்றார். வோக்லன் என்ற வேதியியல் அறிஞரிடம் பயிலக் கட்டணம் இல்லை. வோக்லனின் சகோதரியர் பரிந்து பேசவே, வீட்டிலும் ஆய்வகத்திலும் எடுபிடி வேலை செய்துகொண்டு பாடம் கேட்டார். பின்னர் கோபால்ட் நீல வண்ணத்தை ஆக்கித் தந்தார். 1808-இல் கே-லுசாக்குடன் சேர்ந்து போரானைப் பிரித்தார். (வாயு விதியில் நம்மை வாட்டும் அதே கே-லுசாக்தான்!)

1818-இல் பேரியம் பெராக்சைடை அமிலத்தில் கரைத்து, ஆக்சிஜன் மிகுந்த ஒரு நீர்மத்தைக் கண்டார். இன்றைய வாய்பாடுகள் நிலைபெறாத காலம் அது. ஆகவே, அந்த நீர்மம் தன் பருமனைப் போல் எத்தனை மடங்கு ஆக்சிஜனை வெளிவிடுகிறது என்றே அதன் வலிமையை அளந்தார். வால்யூம் என்ற கணக்கு இதுவே. வெற்றிடத்தில் நீரை நீக்கி நீக்கி 475 மடங்குவரை கொண்டுபோனார். அதன் அடர்த்தி 1.452 என்றும் கண்டார்.

நம் பாடப்படி, திட்ட வெப்ப அழுத்த நிலையில் 68 கிராம் பெராக்சைடு 22.4 லிட்டர் ஆக்சிஜன் தரும். 475-ஐ 68-ஆல் பெருக்கி 22.4-ஆல் வகுத்தேன். லிட்டருக்கு 1442 கிராம் வந்தது. அவருடைய நீர்மத்தின் ஒரு லிட்டர் எடையோ 1452 கிராம். அப்படியானால் 99 சதவீதத் தூய்மை! நம்ப முடியாமல் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

பெரியப்பாவின் கேனுக்கும் அதே கணக்குத்தான். லிட்டருக்கு ஏறத்தாழ 600 கிராம். அதாவது சுமார் 200 வால்யூம். பாதி வலிமையன்று, இருமடங்கு. அதையும் இரட்டிப்பாக ஊற்றினால் நான்கு மடங்கு. பட்டு தாங்குமா?

தெனார் 1825-இல் பிரபுப் பட்டம் பெற்றார்; 1857-இல் மறைந்தார். 1865-இல் அவர் பிறந்த ஊர் தன் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டது.

பெரியப்பா இப்போதெல்லாம் லேபிளை என்னிடம் காட்டிவிட்டே கேனைத் திறக்கிறார்.