ஒற்றர் வேடத்தில் ஒரு மல்யுத்த வீரர்

பரந்த தோள். தடித்த கழுத்து. எளிதில் சிரிக்காத முகம். அவர்தான் பிரெஞ்சுப் படங்களில் ஒற்றர் வேடத்தில் புகழ்பெற்ற லினோ வெஞ்சுரா.

அவர் பிறந்தது பிரான்சில் அல்ல. இத்தாலியில் உள்ள பார்மா நகரில். 1919-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி பிறந்தார். தந்தையின் ஆதரவு இல்லை. தாய் அவரைச் சிறு வயதிலேயே பிரான்சுக்கு அழைத்து வந்தார். வறுமையால் படிப்பு நின்றது. கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்.

கால் முறிந்தது

பிறகு மல்யுத்தம் பழகினார். 1950-ம் ஆண்டில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். அதே ஆண்டில் ஒரு போட்டியில் அவர் கால் முறிந்தது. கோதாவை விட்டு இறங்கிய அவர், குஸ்திப் போட்டிகளை நடத்திப் பிழைத்தார்.

அப்போது டைரக்டர் ஜாக் பெக்கர் தன் படத்துக்கு ஒரு முரடனைத் தேடினார். நடித்துப் பழகாத வெஞ்சுரா முதலில் மறுத்தார், பிறகு இணங்கினார். 1954-ல் அந்தப் படம் வந்தது.

ஒற்றர் படங்கள்

1958-ல் "கொரில்லா" என்ற பட்டப்பெயர் கொண்ட ஒற்றராக நடித்தார். படம் நன்றாக ஓடியது. ஆனால் அடுத்த கொரில்லா படத்தில் நடிக்க மறுத்துவிட்டார்!

1964-ல் வந்த "லே பார்பூஸ்" சிரிப்புப் படம். ஆயுத வியாபாரி ஒருவர் இறந்துவிடுகிறார். அவர் மனைவியிடம் உள்ள ஆயுத உரிமைகளைப் பெற, பல நாட்டு ஒற்றர்கள் மாளிகைக்கு வருகிறார்கள். ஒருவர் உறவினர் என்கிறார். ஒருவர் பாதிரியார் என்கிறார். ஒருவர் வைத்தியர் என்கிறார்!

வீட்டில் கவலை

திரையில் எதற்கும் அஞ்சாத வெஞ்சுராவுக்கு வீட்டில் ஒரு கவலை இருந்தது. அவருடைய மகள்களில் ஒருத்தி மனவளர்ச்சி குன்றியவள். பெற்றோர் காலத்துக்குப் பிறகு இத்தகைய பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

1965 டிசம்பரில் அவர் டெலிவிஷனில் தோன்றி, இந்தப் பிள்ளைகளுக்காக உதவி கேட்டார். 1966-ல் மனைவியுடன் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் "பெர்ஸ் நேஜ்". பனியைத் துளைத்துக்கொண்டு மலரும் சிறு பூவின் பெயர் அது. 1982-ல் பாரீசுக்கு அருகே செவ்ர் என்ற ஊரில் முதல் இல்லம் திறக்கப்பட்டது.

1987 அக்டோபர் 22-ந்தேதி வெஞ்சுரா மாரடைப்பால் காலமானார். வயது 68. பிரான்சில் பெரும்புகழ் பெற்றும், கடைசிவரை அவர் இத்தாலியக் குடிமகனாகவே இருந்தார்.

அவர் தொடங்கிய சங்கம் வளர்ந்தது. பிரான்சின் பல ஊர்களில் அதன் இல்லங்கள் உள்ளன. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும் அங்கே இடம் இருக்கிறது.