கேட்வேயை வடிவமைத்தவர் உங்க பக்கத்துல தான் இருக்கார்: யார் இந்த ஜார்ஜ் விட்டெட்?

சுனாபட்டியில் ஹார்பர் லைன் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சிவ்ரி. நீங்கள் செல்ஃபி எடுக்கும் கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட், அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் உறங்குகிறார்.

1878-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், 1904-ல் இந்தியா வந்தார். 1909-ல் நடந்த போட்டியில் தேர்வானது, இன்றைய சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்துக்கான அவரது வடிவமைப்பு. நாசிக்கில் ஒரு பழைய வாடாவின் மர வளைவுகளை வாங்கிவந்து, குவிமாடத்தின் கீழே பொருத்தினார். முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவமனையாக இருந்த கட்டடம், 1922-ல் அருங்காட்சியகமாகத் திறந்தது.

1926-ல், ஐம்பதைத் தொடும் முன்பே, சீதபேதியால் மும்பையிலேயே இறந்தார்.

உங்க ஏரியாவில் ரீடெவலப்மென்ட் பேச்சு வந்தா, அந்த மர வளைவுகளை ஒருமுறை போய்ப் பாருங்க. புதுசு கட்ட, பழசு எல்லாத்தையும் தூக்கி எறியணும்னு இல்ல.