தோற்றவர் கேட்ட கேள்வி

நம்ம இளைஞர் வகுப்புல தலைவர்களைப் பத்திப் பேசும்போதெல்லாம் நான் ஒரு பெயரைச் சொல்வேன்: ராஜ் நாராயண். பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா இந்தியாவின் பிரதமரை நீதிமன்றத்திலும் தோற்கடித்து, ஓட்டுப் பெட்டியிலும் தோற்கடித்தவர் அவர் ஒருத்தர்தான்.

1917-ல் காசிப் பக்கம் பிறந்தவர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கினார். சுதந்திரம் கிடைத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. ராம் மனோகர் லோகியாவின் சோசலிசக் கட்சியில் சேர்ந்து போராட்டம், சிறை என்றே வாழ்ந்தார். காசி விசுவநாதர் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் செல்லும் போராட்டத்திலும் முன்னால் நின்றார். நம்ம பிள்ளைகள் இதை முக்கியமா தெரிஞ்சுக்கணும்.

1971 தேர்தலில் ரேபரேலி தொகுதியில் இந்திரா காந்தியை எதிர்த்து நின்றார். 1,11,810 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். இவ்வளவு பெரிய தோல்விக்குப் பிறகு யாரா இருந்தாலும் வீட்டுக்குப் போயிடுவாங்க. இவர் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். எத்தனை ஓட்டு என்பது அவர் வழக்கு இல்லை. அந்த ஓட்டு எப்படி வந்தது என்பதுதான் வழக்கு.

நாலு வருஷம் வழக்கு நடந்தது. 1975 மார்ச்சில் பிரதமரே சாட்சிக் கூண்டுக்கு வந்து பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ராஜ் நாராயண் வைத்த குற்றச்சாட்டுகள் நிறைய. ஓட்டுக்காகப் பொருள் கொடுத்தார்கள், அளவுக்கு மீறிச் செலவு செய்தார்கள், பசுவும் கன்றும் மதச் சின்னம் என்றெல்லாம் சொன்னார். நீதிபதி ஜகமோகன்லால் சின்ஹா அவற்றை ஏற்கவில்லை. இரண்டுதான் நின்றது. ஒன்று, யஷ்பால் கபூர் என்ற அதிகாரி அரசு வேலையில் இருக்கும்போதே பிரதமருக்காகத் தேர்தல் வேலை செய்தது. இன்னொன்று, பிரச்சார மேடை, ஒலிபெருக்கிக்கான மின்சாரம் போன்ற ஏற்பாடுகளை மாநில அரசு அதிகாரிகளை வைத்துச் செய்தது. 1975 ஜூன் 12-ல் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இந்திரா ஆறு வருஷம் பதவி வகிக்கவும் தடை.

சின்னக் குற்றத்துக்குப் பெரிய தண்டனை என்று அப்பவே சிலர் சொன்னாங்க. எனக்கு அப்படித் தோணல. அரசாங்க ஊழியரும் அரசாங்க மேடையும் வரிப்பணத்தில் வந்தவை. அதில் எதிர்த்து நின்றவருக்கு ஓட்டுப் போட்டவனின் பணமும் இருக்கே!

அடுத்து நடந்ததுதான் சோதனை. ஜூன் 25 இரவு அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அன்று இரவே கைது வேட்டை தொடங்கியது. வழக்கில் ஜெயித்தவர் சிறைக்குப் போனார்! அவர் உள்ளே இருக்கும்போதே நாடாளுமன்றத்தில் தேர்தல் சட்டத்தை முன்தேதியிட்டு மாற்றினார்கள். பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று அரசியல் சாசனத்திலும் திருத்தம் கொண்டு வந்தார்கள். நவம்பர் 7-ல் உச்சநீதிமன்றம், மாற்றிய சட்டத்தின்படி இந்திராவின் வெற்றி செல்லும் என்றது. ஆனால் விசாரணைக்கே வழியில்லாமல் செய்த பகுதியைத் தள்ளுபடி செய்தது. வழக்கில் ராஜ் நாராயண் தோற்றார். அவர் தட்டிய கதவு மட்டும் மற்றவர்களுக்காகத் திறந்தே இருந்தது.

1977-ல் மறுபடியும் ரேபரேலி. இந்த முறை 55,202 ஓட்டு வித்தியாசத்தில் ராஜ் நாராயண் ஜெயித்து, சுகாதார அமைச்சரானார்.

அவரைத் தெய்வமாக்க வேண்டாம். பதவிக்கு வந்த பிறகு சொந்தக் கட்சிக்குள்ளேயே சண்டை போட்டு, 1979-ல் அந்த ஆட்சி கவிழவும் ஒரு காரணமானார். அவர் பேச்சையும் நடையையும் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. 1986 டிசம்பர் 31-ல் காலமானார்.

ஆனா ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்றலாம். தோற்றவுடனே எல்லாம் மோசடி என்று கூச்சல் போடுவது சுலபம். நம்ம சங்கத் தேர்தலிலேயே பார்க்கிறோமே! சாட்சியோடு மன்றத்துக்குப் போய், குறுக்கு விசாரணையைத் தாங்கி, நாலு வருஷம் காத்திருப்பது கஷ்டம். பத்துக் குற்றச்சாட்டு சொன்னாலும் நிரூபித்தது மட்டும்தான் நிற்கும். உங்களுக்குச் சந்தேகம் வந்தால் கேளுங்க, பயப்படாதீங்க. கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கட்டும். மன்றம் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த தேர்தலில் மக்கள் முன்னால் போய் நில்லுங்க.