கல்லீரலுக்குள் தேடிய மனிதர் – எல்லாப்பிரகட சுப்பாராவ்

பள்ளிக்கூடத்தில் வாரம் ஒருநாள் ஒரு நீல மாத்திரை கொடுப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மதியச் சாப்பாடு முடிந்ததும் டீச்சர் முன்னாலேயே விழுங்க வேண்டும். நாமும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டு விழுங்குவோம். அது இரும்புச்சத்து மாத்திரை என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். அதற்குள் இன்னொரு சரக்கும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம், 500 மைக்ரோகிராம். அதாவது அரை மில்லிகிராம். தராசில் வைத்தால் முள் கூட அசையாது. அந்த அரை மில்லிகிராமுக்குப் பின்னால் நம் சென்னையில் படித்த ஒரு மனிதரின் வாழ்க்கை இருக்கிறது. அந்த மனிதரின் படமும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை, பெயரும் இல்லை. ஆகவே இந்த மலரிலாவது இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ம் தேதி பீமவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரா. அன்றைக்குச் சென்னை மாகாணம். ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். வீட்டில் கஷ்டம். படிப்பில் சூரப்புலி என்று நினைத்துவிடாதீர்கள். பதிமூன்று வயது வாக்கில் வீட்டைவிட்டு ஓடிப்போனவர். எதுக்குத் தெரியுமா? காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகலாம் என்று! அம்மா வெங்கம்மா விடவில்லை, ஆள் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாவது தடவைதான் தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.

பிறகு மாநிலக் கல்லூரி. அங்கே ராமகிருஷ்ண மடத்தின் மேல் ஈடுபாடு வந்து, சாமியாராகப் போகிறேன் என்று நின்றார். அம்மா சம்மதிக்கவில்லை. சேவை செய்யணும்னா டாக்டராகிச் செய்யலாமே என்று மடத்திலும் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் 1915-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். செலவுக்குப் பணம் கொடுத்தவர்கள் சில நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும்.

காந்தி அன்னியத் துணியைப் பகிஷ்கரிக்கச் சொன்ன காலம் அது. நம்மாள் ஆபரேஷன் அறைக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு வெள்ளைக்காரர். அவருக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் போனது. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழைக் கொடுத்து அனுப்பினார்கள். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. டிகிரி ஹோல்டர் பக்கத்தில் டிப்ளமாக்காரன் நின்றால் உலகம் எப்படிப் பார்க்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில் டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்தும் வேலையில் சேர்ந்தார்.

இதற்கு நடுவில்தான் அந்த இடி விழுந்தது. சகோதரர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோயின் பெயர் ஸ்ப்ரூ. வெப்ப நாடுகளில் வருவது. குடலின் உள்பக்கம் பட்டுத்துணி மாதிரி மெல்லிய விரல்கள் லட்சக்கணக்கில் இருக்கும். சாப்பிட்டதை உடம்புக்குள் இழுத்துக்கொள்வது அவைதான். ஸ்ப்ரூ வந்தால் அந்த விரல்கள் தேய்ந்துபோகும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் வயிற்றுப்போக்காகப் போய்விடும். நாக்கு வெந்து புண்ணாகும், ரத்தம் வெளுக்கும், ஆள் எலும்பும் தோலுமாகி விடுவார். இலை நிறையச் சோறு இருந்தும் பட்டினியில் சாகிற கொடுமை. சுப்பாராவுக்கும் அது வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டார்.

பிழைத்தவருக்கு ஒரே வெறி, வெப்பநாட்டு நோய்களை முறையாகப் படிக்கணும். காக்கிநாடாவில் மல்லாடி சத்தியலிங்கம் நாயக்கர் தருமநிதி உதவுவதாகச் சொன்னது, மாமனாரும் பணம் திரட்டினார். இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறி 1922 அக்டோபர் 26-ம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இறங்கினார். சீக்கிரம் திரும்பி வருவதாகத்தான் ஏற்பாடு. பிறந்த மகன் குழந்தையிலேயே இறந்துபோனான். அவன் முகத்தை அப்பா பார்க்கவே இல்லை. ஊருக்கு அவர் திரும்பி வரவும் இல்லை. இந்த இடத்தில் அவரை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. சேஷகிரியின் பக்கக் கதையை யாராவது முழுசாக எழுத வேண்டும்.

ஹார்வர்டில் அவர் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? டிப்ளமா! வெப்பநாட்டு மருத்துவத்தில் டிப்ளமா. சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே, ஒரு ஆஸ்பத்திரியில் இரவு நேர எடுபிடி வேலை பார்த்தார். பகலில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடம். 1925-ல் இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார்கள். மாலிப்டேட் சேர்த்து நீல நிறம் வரவைத்து, நிறம் எவ்வளவு கரு நீலமோ அவ்வளவு பாஸ்பரஸ் என்று கணக்கிடுவது. கெமிக்கல் பிரிவு நண்பர்கள் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே அதற்குப் பெயர்.

அந்த அளவுகோல் கையில் இருந்ததால் தசைக்குள் போய்த் தேடினார்கள். 1927-ல் பாஸ்போகிரியேட்டின், 1929-ல் ஏ.டி.பி. அதே காலத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். நாம் தின்னும் சோறு, இட்லி, பருப்பு எல்லாம் கடைசியில் உடம்புக்குச் செலாவணியாகும் நாணயம் இந்த ஏ.டி.பி.தான். இவ்வளவும் செய்தவருக்கு ஹார்வர்டு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. அவர் வேலையில் பலதை ஃபிஸ்க் வெளியே வரவே விடவில்லை, பிறகு மற்றவர்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று, அதே ஆய்வுக்கூடத்தில் இருந்து பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிச்சிங்ஸ் சொல்லியிருக்கிறார்.

1940-ல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். இரண்டு வருஷத்தில் அங்கே ஆராய்ச்சிக்கே தலைவர். இங்கேதான் நம் மாத்திரையின் கதை வருகிறது.

கல்லீரலைச் சாப்பிட்டால் ஒருவகைக் கடும் ரத்தசோகை குணமாகிறது என்று 1926-லேயே மைனாட், மர்ஃபி என்ற டாக்டர்கள் காட்டியிருந்தார்கள். கல்லீரலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. அதே சமயம் பம்பாயில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர், மில் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈஸ்ட்டில் செய்த மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்ததும் அவர்கள் தேறிவிட்டார்கள். 1931-ல் அதை எழுதி வெளியிட்டார். 1941-ல் டெக்சாஸில் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து, அதிலிருந்து துளியூண்டு பொருளைப் பிரித்தார்கள். லத்தீனில் இலைக்கு உள்ள சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் யானையின் ஒவ்வொரு உறுப்பு!

சுப்பாராவின் குழு கல்லீரலிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்தது. ஒரு பாக்டீரியாவுக்கு அதைத் தீனியாகப் போட்டு, எவ்வளவு வளருகிறது என்று பார்த்துத்தான் அளந்தார்கள். பிறகு 1945-ல் ஆய்வுக்கூடத்திலேயே அதைச் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். அந்தக் கட்டுரையில் பதினாறு பேர் பெயர் இருக்கிறது. நாலு டன் கீரை இனி வேண்டாம். மருந்து கிடைத்ததும் டாம் ஸ்பைஸ் என்ற டாக்டர் அதை எந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்? ரத்தசோகைக்காரர்களுக்கும், ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும். தேறினார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ.யைப் புதிதாகச் செய்யணும். அதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். எந்த இடத்தில் செல்கள் வேகமாகப் பிரிகின்றனவோ, அங்கேதான் தட்டுப்பாடு முதலில் தெரியும்: எலும்பு மஜ்ஜை, குடல், கருவில் இருக்கும் குழந்தை. குடல் பழுதானால் சத்து ஏறாது. சத்து ஏறாவிட்டால் குடல் இன்னும் பழுதாகும். இந்தச் சக்கரத்தை உடைக்க வெளியிலிருந்து ஒரு மாத்திரை தேவைப்படுகிறது. சாப்பாடு மட்டும் போதாத இடம் இது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் எடுத்தால் குழந்தையின் தண்டுவடக் குறைபாடு பெருமளவு குறையும். ஃபோலிக் அமிலம் அதைத் தடுக்கிறது என்பதை 1991-ல் வெளியான பெரிய ஆய்வு உறுதிசெய்தது.

அதற்காக மாத்திரைதான் எல்லாம் என்று கிளம்பிவிடக் கூடாது. கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. என்ன, தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். கீரையை மணிக்கணக்கில் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டும் ஹாஸ்டல் மெஸ்காரர்கள் காதில் யாராவது போட்டு வையுங்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்லீரலுக்குள் இருந்தது ஒரு பொருள் அல்ல, இரண்டு. மைனாட்டின் நோயாளிகளுக்கு உண்மையில் தேவைப்பட்டது வைட்டமின் பி12. அது 1948-ல்தான் பிடிபட்டது, அதுவும் வேறு கம்பெனிகளில். பி12 குறைவுள்ளவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் சரியாகிவிடும். ஆனால் நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும், வெளியே தெரியாது. பி12 செடிகொடியில் கிடையாது. பால், முட்டை, மீன், கறி இதிலெல்லாம்தான். சுத்த சைவ நண்பர்கள் பால், தயிரை ஒதுக்காமல் இருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய திருப்பம் பாஸ்டனில் நடந்தது. சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது! நல்ல செல்லுக்குத் தீனி என்றால் கெட்ட செல்லுக்கும் அது தீனிதானே. அப்படியானால் தீனியைத் தடுத்தால்? சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தில் ஒரு சிறு மூலையை மட்டும் மாற்றி அமினோப்டெரின் என்ற போலியைச் செய்து கொடுத்தது. பூட்டுக்குள் நுழையும், ஆனால் திறக்காமல் சிக்கிக்கொள்ளும் சாவி மாதிரி. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட அறிக்கையில், பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. தற்காலிகம்தான். ஆனால் அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு அந்தத் தற்காலிகம்கூட இருந்ததில்லை. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் பயன்படுகிறது.

யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராக, வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த டி.இ.சி. மருந்தும் 1947-ல் இவர் ஆய்வுக்கூடத்தில் வந்ததுதான். 1948-ல் ஆரியோமைசின் வந்தது, மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து. அதைக் கண்டெடுத்தவர் இவர் கீழே வேலை பார்த்த டக்கர் என்ற முதியவர். டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் அதுதான் முதலாவது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்ப்ரூ நோய்க்கு இன்றைக்கு என்ன மருந்து? டெட்ராசைக்ளின், கூடவே ஃபோலிக் அமிலம், சில மாதங்களுக்கு. ஃபோலிக் அமில மருந்தும், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தும் ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தவை. சகோதரர்கள் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, அவர்களைக் காப்பாற்றியிருக்கக்கூடிய இரண்டு மருந்துகளும் அவர் பார்வையிலேயே தயாராகிவிட்டன.

1948 ஆகஸ்டில் நியூயார்க் அருகே தன் வீட்டில் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்துபோனார். வயது 53. கடைசிவரை அமெரிக்கக் குடியுரிமை எடுக்கவில்லை. நோபல் பரிசு இல்லை. பிறந்த நூற்றாண்டான 1995-ல் இந்திய அரசு ஒரு தபால்தலை வெளியிட்டது. பூஞ்சைக் காளான் வகை ஒன்றுக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.