யார் கேட்ட வீடு?

வெளிநாட்டில் முதுநிலைப் பொறியியல் பயிலும் என் பழைய மாணவி ஒருவர் அண்மையில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவரும் வகுப்புத் தோழர்கள் சிலரும் வரும் விடுமுறையில் வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள ஏழைக் குடும்பங்களுடன் தங்கி, இயற்கைக்குக் கேடு செய்யாத வீடுகளையும் குடிநீர் வசதிகளையும் வடிவமைக்கப் போகிறார்களாம். புறப்படுவதற்கு முன் எந்தப் பாடநூலைப் படிப்பது நல்லது என்று கேட்டிருந்தார்.

பாடநூல் எதையும் நான் பரிந்துரைக்கவில்லை. எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியின் வாழ்க்கையைப் படிக்குமாறு எழுதினேன். முப்பது ஆண்டுகள் கட்டுமானப் பொறியியல் கற்பித்தவன் நான். அதில் பாதிக் காலம் ஃபாத்தியின் மண் கூரைகளின் சிறப்பை மட்டுமே வகுப்பில் சொல்லிவந்தேன். அவருடைய தோல்வியைச் சொன்னதில்லை. பாதிப் பாடத்தை மட்டும் நடத்திய அந்தக் குறை இன்றும் என்னை உறுத்துகிறது.

ஃபாத்தி 1900-ஆம் ஆண்டில் அலெக்சாண்ட்ரியாவில் வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப்புறத்தில் நிலங்கள் இருந்தும் தந்தை அங்கே செல்வதை விரும்பியதில்லை; ஈயும் நோயும் மலிந்த இடம் என்றே அதைக் கருதினார். தாயோ சிறுவயதில் தாம் வாழ்ந்த கிராமத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லி மகனை வளர்த்தார். பார்த்தறியாத அந்தக் கிராமம் மகனின் மனத்தில் சொர்க்கமாகப் பதிந்தது. வேளாண்மை படிக்க ஆசைப்பட்டார். பயிர்களைப் பற்றிய எளிய கேள்விகளுக்கே விடை தெரியாமல் நுழைவுத் தேர்வில் தோற்றார். பின்னர் கட்டடக் கலை பயின்று 1926-இல் பட்டம் பெற்றார்.

குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையில் அவர் முதன்முதலாகக் கால் வைத்தபோது அவருக்கு வயது 27. தாய் சொன்ன சொர்க்கம் அங்கே இல்லை. இருளும் அழுக்கும் சூழ்ந்த தாழ்ந்த குடிசைகளில் உழவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிலத்தின் வருமானம் நகரத்தில் இருந்த உரிமையாளர்களுக்குச் சென்றதே தவிர, உழைத்தவர்களின் வீட்டுக் கூரையைத் தொடவில்லை. அந்த வெட்கமே அவருடைய வாழ்நாள் பணிக்கு வித்தாயிற்று.

ஏழை உழவனுக்கு வீடு கட்டுவதில் உள்ள சிக்கலை ஃபாத்தி எளிமையாகப் புரிந்துகொண்டார். சிமென்ட்டும் இரும்பும் மரமும் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. உழவனிடம் காசு இல்லை. மண் காலடியில் கிடக்கிறது. சுவரை மண்ணால் எழுப்பிவிடலாம். கூரைக்கு மரம் வேண்டும். மண்ணாலேயே வளைவுக் கூரை அமைக்கலாம் என்றாலும், அது காய்ந்து இறுகும்வரை தாங்கி நிற்கக் கொத்தனார்கள் சென்ட்ரிங் என்று சொல்லும் மரத் தாங்கல் தேவை. இரண்டாம் உலகப் போரின்போது எகிப்தில் மரமும் இரும்பும் கிடைப்பது அரிதாகிவிட, தாங்கல் இன்றியே வளைவு எழுப்பிப் பார்த்தார் ஃபாத்தி. அவை சரிந்து விழுந்தன.

அப்போது ஆசுவான் அணைப் பணிகளில் பொறுப்பு வகித்த அவருடைய அண்ணன், அந்தப் பகுதியில் வாழும் நூபிய மக்கள் தாங்கல் எதுவும் இல்லாமலேயே வளைவுக் கூரை போடுகிறார்கள் என்று தெரிவித்தார். 1941-இல் ஃபாத்தி ஆசுவானுக்குச் சென்றார். படித்த பொறியாளர்களுக்குக் கைவராத வித்தையைப் பள்ளிக்கூடத்தையே பார்த்திராத கொத்தனார்கள் அன்றாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

அவர்களின் முறை மிக எளியது. வைக்கோல் அதிகம் கலந்த எடை குறைந்த சுடாத செங்கற்களை அவர்கள் பயன்படுத்தினார்கள். கல் ஈரமாக இருக்கும்போதே விரல்களால் அதன்மீது பள்ளக் கோடுகள் இழுத்துவிடுவார்கள். சேறு நன்றாகப் பற்றிக்கொள்வதற்கான வழி அது. அறையின் பின்சுவரில் கண் அளவாலேயே வளைவை வரைந்து, முதல் வரிசைக் கற்களை அந்தச் சுவரின்மீது சாய்த்து ஒட்டுவார்கள். அடுத்தடுத்த வரிசைகள் முந்தைய வரிசையின்மீது சாய்ந்து நிற்கும். பலகையும் முட்டும் இல்லாமல் கூரை தானாக வளர்ந்துவிடும். லக்சர் நகருக்கு எதிர்க்கரையில், இரண்டாம் ராம்செஸ் மன்னனின் கோயிலை ஒட்டியுள்ள மண் தானியக் கிடங்குகள் இதே முறையில் கட்டப்பட்டு, மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கின்றன.

மாணவர்களுக்கு நான் ஆர்வத்துடன் சொல்லிவந்த கதை இத்துடன் முடிந்துவிடும். ஃபாத்தியின் உண்மையான சோதனை இதற்குப் பிறகுதான் தொடங்கியது.

அந்தக் கோயில் இருக்கும் பகுதியில் குர்னா என்னும் ஊர் இருந்தது. பண்டைய எகிப்தின் பிரபுக்களுடைய கல்லறைகள் நிறைந்த குன்றின்மீது, கல்லறைகளுக்கு மேலேயே சுமார் 7,000 பேர் வீடு கட்டி வாழ்ந்தார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டுவது, அகழ்வாய்வில் கூலி வேலை செய்வது, பழம்பொருள்களைத் தோண்டி விற்பது ஆகியவற்றால் அவர்களின் அடுப்பு எரிந்தது. கல்லறை ஒன்றிலிருந்து சிற்பம் களவுபோனதையடுத்து, ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவதென்று அரசின் தொல்பொருள் துறை முடிவெடுத்தது. புதிய ஊரை அமைக்கும் பொறுப்பு 1945-இல் ஃபாத்தியிடம் வந்தது.

அவர் அதைத் தம் கனவின் நிறைவேற்றமாகவே எடுத்துக்கொண்டார். அரசாங்கக் குடியிருப்புகள் போல ஒரே அச்சில் வார்த்த வீடுகள் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். உறவினர்கள் அருகருகே வாழும்படி முற்றங்களைச் சுற்றி வீடுகளை அமைத்தார். மசூதி, சந்தை, பள்ளிகள், நாடக அரங்கு எனப் பொது இடங்களையும் திட்டமிட்டார். பள்ளியில் உயரமான காற்றுக் கூண்டு எழுப்பி, உள்ளே நனைத்த கரியின் வழியாகக் காற்றைச் செலுத்தி வகுப்பறையைக் குளிரச் செய்தார். வாய்க்கால் நீரில் குளிக்கும் சிறுவர்களைப் பீடித்த பில்ஹார்சியா நோயைத் தடுக்க, பாதுகாப்பான குளம் ஒன்றையும் வரைபடத்தில் சேர்த்தார். நூபியக் கொத்தனார்களை வரவழைத்து, உள்ளூர் இளைஞர்கள் தொழில் கற்கவும் வழி செய்தார்.

இத்தனை அக்கறையுடன் ஏழைகளுக்காக உழைத்த கட்டடக் கலைஞர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆயினும் அந்த ஊர் நிறைவடையவில்லை. வைக்கோல் வருவதற்கும் கூலி வருவதற்கும் அலுவலகங்களின் படிக்கட்டுகளில் அவர் ஏறி இறங்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய தடை, குர்னா மக்களே அங்கு வர விரும்பாதது. புதிய ஊர் கரை கட்டிக் காக்கப்பட்ட தாழ்வான நிலத்தில் இருந்தது. நைல் நதியில் வெள்ளம் வந்த காலத்தில், ஊர்க்காரர்கள் சிலரே அந்தக் கரையை வெட்டிவிட்டுத் தண்ணீரைப் புகச் செய்ததை ஃபாத்தி தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். திட்டத்தின் ஒரு பகுதியே முடிந்த நிலையில் 1940-களின் இறுதியில் பணி நின்றது.

குறை யாருடையது? அந்த மக்களைத் திருடர்கள் என்றும் நன்றி அறியாதவர்கள் என்றும் சொன்னவர்கள் உண்டு. அவர்களின் இடத்தில் நின்று பார்த்தால் வேறொன்று புலப்படும். பிழைப்பு குன்றின்மீது இருந்தது. வீடோ வயல்வெளிக்குப் போகச் சொன்னது. அவர்கள் பார்த்துப் பழகிய குவிமாடங்கள் பெரும்பாலும் இறந்தவர்களின் சமாதிகளுக்கு மேல் இருந்தவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊரை மாற்றும் முடிவை எடுத்தபோது அவர்களை எவரும் கேட்கவில்லை. ஃபாத்தி அவர்களிடம் வந்து எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று கேட்டார். வீடே வேண்டுமா என்ற கேள்விக்கு அதற்கு முன்பே வேறு யாரோ விடையளித்துவிட்டார்கள்.

இன்னொரு குறையும் உண்டு. வீட்டை ஆள்பவர்கள் பெண்கள். ஆனால் அந்நிய ஆண் ஒருவர் அந்த ஊர்ப் பெண்களிடம் பேச வழக்கம் இடம்தரவில்லை. அடுப்பு எங்கே இருக்க வேண்டும், குடம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்களின் குரல் அவரை எட்டவில்லை. இந்த இழப்பை ஃபாத்தியே உணர்ந்து வருந்தினார்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் புதிய குர்னாவுக்குச் சென்றிருந்தேன். மசூதி அழகு குன்றாமல் வழிபாட்டில் இருந்தது. பல வீடுகள் இடிக்கப்பட்டு, அந்த இடங்களில் கான்கிரீட் அறைகள் எழுந்திருந்தன. எஞ்சிய மண் சுவர்களில் நிலத்தடி நீரின் உப்பு பூத்திருந்தது. அங்கே ஒரு மூதாட்டி, கடும் வெயிலில் பழைய மண் அறையில்தான் தமக்கு உறக்கம் வருகிறது என்று மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னார். பிறகேன் பாதி வீட்டை இடித்தீர்கள் என்று கேட்டேன். மகனுக்குத் திருமணமானபோது மேலே ஓர் அறை தேவைப்பட்டதாம். குவிமாடத்தின்மீது மாடி எழுப்ப முடியாதே என்று சிரித்தார். கூரையின் வளைவை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

தோல்விக்குப் பின் ஃபாத்தி தளர்ந்தார். 1957-இல் நாட்டை விட்டு ஏதென்ஸ் சென்று சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். கார்கா பாலைவனச் சோலையில் புதிய பாரிஸ் என்னும் ஊரைக் கட்டத் தொடங்கினார். 1967-ஆம் ஆண்டுப் போரால் அதுவும் பாதியில் நின்றது. பிறகு அவர் செய்த காரியமே என் பார்வையில் மிகப் பெரியது. குர்னாவில் நடந்ததை மறைக்காமல் நூலாக எழுதினார். 1969-இல் கெய்ரோவில் சில பிரதிகளாக வெளிவந்த அந்நூல், 1973-இல் 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்று பொருள்படும் தலைப்பில் அமெரிக்காவில் பதிப்பிக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. தம் வெற்றிகளைப் பட்டியலிடும் பொறியாளர்கள் பலர். முடியாமல் போன ஒரு பணியை அடுத்த தலைமுறைக்குப் பாடமாக விட்டுச் சென்றவர்கள் சிலரே.

புகழ் தாமதமாகவே வந்தது. மாற்று நோபல் எனப்படும் விருதை 1980-இல் பெற்றார். அதே ஆண்டில் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழுவின் சிறப்பு விருதும் கிடைத்தது. கெய்ரோவின் பழைய நகரில், கோட்டைக்கு அருகே ஒரு பழங்கால வீட்டில் பூனைகள் சூழ வாழ்ந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அவரைத் தேடி அந்தப் படிகளில் ஏறினார்கள். 1989-இல் அவர் காலமானார்.

குர்னாவின் கதை அவருடன் முடியவில்லை. குன்றின்மீது இருந்த பழைய வீடுகளை அரசு 2006-இல் இடிக்கத் தொடங்கி, மக்களை வேறொரு புதிய குடியிருப்புக்கு மாற்றியது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு கலைஞரின் கனிவால் இயலாதது இயந்திரங்களின் வலிமையால் நிறைவேறியது. இதை முன்னேற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் மாணவிக்கு எழுதிய பதிலின் இறுதியில் சிலவற்றைக் குறிப்பிட்டேன். மண்ணின் வலிமையைச் சோதிப்பதற்கு முன், இந்தத் திட்டத்தைக் கேட்டவர் யார் என்று விசாரியுங்கள். குடும்பத்தலைவர் சொல்வதைக் குறித்துக்கொண்ட கையோடு, அடுப்படியில் இருப்பவரிடமும் பேசுங்கள். அதற்காகவே உங்கள் குழுவில் பெண்கள் இருப்பது நல்லது. பத்து ஆண்டுகள் கழித்து அந்த வீட்டில் ஒரு திருமணம் நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகு கூரை ஒழுகினால் அதைச் சரிசெய்யக்கூடிய கொத்தனார் அதே ஊரில் இருக்க வேண்டும்.

விடுமுறைக் காலத்துக்குள் ஒரு வீடு கட்டி முடிக்கப்படாவிட்டாலும் குற்றமில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு உண்டு என்பதை அறிந்துகொண்டு மாணவர்கள் திரும்பினால், ஹசன் ஃபாத்தி ஒரு வாழ்நாளைச் செலவிட்டுக் கற்ற பாடத்தை அவர்கள் ஒரு விடுமுறையில் கற்றிருப்பார்கள்.