கிட்டப்பா இன்னும் 30 ஆண்டு வாழ்ந்திருந்தால்?

27 வயது என்பது சாகிற வயது அல்ல. பலருக்கு அதுதான் வாழ்க்கை தொடங்குகிற வயது.

அந்த வயதில் செங்கோட்டை கிட்டப்பா கண்ணை மூடிவிட்டார். 1933-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி அந்தத் துக்கச் செய்தி தமிழ்நாடு எங்கும் பரவியது.

நாடக மேடையில் அவருக்கு நிகர் அவரே என்று ஊரெல்லாம் சொன்ன காலம் அது. ஆனால் அவர் நடித்த பேசும் படம் ஒன்றுகூட இல்லை. இன்று அவர் குரலைக் கேட்க வேண்டுமானால் கொஞ்சம் இசைத்தட்டுகள்தான் இருக்கின்றன.

அவர் இன்னும் 30 ஆண்டு வாழ்ந்திருந்தால் என்ன ஆகியிருப்பார்?

இதை வீண் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அவர் நடந்திருக்க வேண்டிய பாதையில் வேறு இருவர் நடந்து போனார்கள். ஒருவர் எம்.கே.தியாகராஜ பாகவதர். இன்னொருவர் கிட்டப்பாவின் மனைவி கே.பி.சுந்தராம்பாள். அந்த இருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் கிட்டப்பாவின் மிச்ச வாழ்க்கை ஓரளவு தெரிந்துவிடும்.

பாடப் பிறந்த பிள்ளை

கிட்டப்பா 1906-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந்தேதி செங்கோட்டையில் பிறந்தார். அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தந்தை கங்காதர அய்யர். தாய் மீனாட்சி அம்மாள். பெற்றோர் வைத்த பெயர் ராமகிருஷ்ணன். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று யாருக்கும் தெரியாது!

வீட்டில் பிள்ளைகள் அதிகம். பணம் குறைவு. அண்ணன்மார் நாடகத்துக்குப் போனார்கள். தம்பியும் பின்னாலேயே போனான். பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படிக்க வேண்டிய வயதில், பாட்டைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து மேடையில் பாடினான்.

ஒரு குருவிடம் பல ஆண்டு இருந்து முறையாகப் படித்த சங்கீதம் அல்ல அது. முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். ஒரு முறை கேட்டால் போதும், பிடித்துக்கொள்வான்.

பிறகு கண்ணையா கம்பெனியில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் கண்ணையா நாடகம் என்றால் பிரமாண்டம் என்று பொருள். அவருடைய 'தசாவதாரம்' நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காட்சி ஜோடனைகளைப் பார்க்க வந்த கூட்டம், பையன் பாட்டைக் கேட்க மறுபடியும் வந்தது.

கொழும்பில் கிடைத்த ஜோடி

இலங்கையில் தமிழ் நாடகங்களுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. 1920-களின் நடுவில் கொழும்பு நகரில் கொடுமுடி சுந்தராம்பாள் பாடி நடித்துப் பெரும் பெயர் பெற்றிருந்தார். கிட்டப்பாவும் அங்கே போனார்.

அந்தக் காலத்து ஸ்பெஷல் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறொரு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் நேருக்கு நேர் சந்திப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆகவே போட்டியெல்லாம் பாட்டில்தான்! ஒருவர் எடுத்த ராகத்தை மற்றவர் தொட்டு மேலே போக வேண்டும். தவறினால் கொட்டகையே சிரிக்கும்.

கிட்டப்பாவுக்கு எதிரே நின்று பாட முடியுமா என்று சுந்தராம்பாளுக்கு வேண்டியவர்களே பயந்தார்கள். அவர் பயப்படவில்லை. வள்ளியாக அவரும் முருகனாக இவரும் பாடிய பாட்டுப் போட்டியைக் கண்டு ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

மேடை ஜோடி வாழ்க்கை ஜோடி ஆயிற்று. கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மணமாகி இருந்தது. அது தெரிந்தே சுந்தராம்பாள் அவரை 1927-ம் ஆண்டு மணந்துகொண்டார்.

ஒலிபெருக்கி இல்லாத குரல்

கிட்டப்பாவின் குரலைப் பற்றிப் பேசும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அப்போது மேடையில் மைக் கிடையாது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். பெட்ரோமாக்ஸ் விளக்கு 'உஸ்' என்று இரையும். குழந்தைகள் அழும். முறுக்கு விற்கிறவன் கூவுவான். இத்தனைக்கும் நடுவே, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதில் பாட்டு விழவேண்டும்.

அதற்கு உச்ச சுருதி வேண்டும். ஆண்கள் சாதாரணமாகத் தொட அஞ்சும் சுருதியில் கிட்டப்பா பாடினார். கத்தினார் என்று நினைக்க வேண்டாம். அந்த உயரத்தில் நின்றுகொண்டு மின்னல் வேகத்தில் பிருகாக்களை உதிர்த்தார். சகோதரர் காசி அய்யர் ஆர்மோனியம் வாசித்தார்.

சபாக்களில் பாடும் வித்துவான்கள் நாடகப் பாட்டைப் பொதுவாக மதிப்பது இல்லை. கிட்டப்பா விஷயம் வேறு. தியாகராஜ சுவாமிகளின் 'எவரனி' என்ற கீர்த்தனையைத் தேவாமிர்தவர்ஷினி ராகத்தில் அவர் இசைத்தட்டில் பாடினார். அதற்கு முன் அந்த ராகத்தைத் தெரிந்தவர்கள் சொற்பம். இசைத்தட்டு வந்தபின் டீக்கடையில் நிற்பவனும் அதை முணுமுணுத்தான். நாடகக்காரர் ஒருவர் கர்நாடக சங்கீதக் கீர்த்தனையைத் தெருவுக்குக் கொண்டு வந்தார்!

ஆனால் ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். மேடையில் மணிக்கணக்கில் பாடியவரை அந்த மூன்று நிமிடத்துக்குள் அடைத்தார்கள். இன்று நமக்குக் கிடைத்திருப்பது பானைச் சோற்றில் ஒரு பருக்கை.

கை தவறிய பேசும் படம்

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி வெளியானது. அப்போது கிட்டப்பாவுக்கு 25 வயது. அழகான முகம், ஊரறிந்த பெயர், ஈடில்லாத குரல் எல்லாம் அவரிடம் இருந்தன.

பிறகு ஏன் படத்தில் நடிக்கவில்லை?

ஆரம்ப காலத் தமிழ்ப் படங்களை எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போகவேண்டி இருந்தது. மாதக்கணக்கில் அங்கே தங்க வேண்டும். நாடகத்தில் ராஜாவாக இருந்தவருக்கு அந்தத் தொல்லை எதற்கு? தினமும் கைதட்டல் கிடைக்கும் மேடையை விட்டு யாரும் அவசரப்பட்டு ஓடமாட்டார்கள்.

காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை. 1933-ம் ஆண்டு 'வள்ளி திருமணம்' பேசும் படமாக வந்தது. அவரும் சுந்தராம்பாளும் மேடையில் கொடிகட்டிப் பறந்த அதே கதை! படத்தில் வள்ளியாக நடித்தவர் டி.பி.ராஜலட்சுமி. அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டப்பா போய்விட்டார். அடுத்த ஆண்டே சென்னையில் பேசும் படம் எடுக்கத் தொடங்கினார்கள். பம்பாய்க்குப் போகவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

அவரைக் கொண்டு போனது எது? குடிப் பழக்கம். மனைவியுடன் மனக்கசப்பு வேறு ஏற்பட்டுச் சில காலம் பிரிந்து இருந்தார்கள். அந்த நாட்களில் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களைப் படித்தால் கல்லும் உருகும். ஓய்வில்லாத இரவு நாடகங்கள், பயணம், குடி. 27 வயது உடம்பு அதைத் தாங்கவில்லை.

ஆகவே அவர் வாழ்ந்திருந்தால் என்று நினைக்கும்போது, முதலில் குடியை விட்டிருந்தால் என்று நினைக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாகவதர் போன பாதை

1934-ம் ஆண்டு 'பவளக்கொடி' படம் வந்தது. கதாநாயகன் தியாகராஜ பாகவதர். கிட்டப்பாவைவிட மூன்று, நான்கு வயது சிறியவர். அவரும் மேடையில் உச்ச சுருதியில் பாடி வளர்ந்தவர்தான்.

அப்போது பின்னணிப் பாடகர்கள் கிடையாது. நடிப்பவரே பாட வேண்டும். ஒரு படத்தில் 40, 50 பாட்டுகள்கூட இருக்கும். கிட்டப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போன்ற காலம் அது!

அவர் இருந்திருந்தால் பாகவதருக்கு இடம் கிடைத்திருக்காது என்று சிலர் சொல்வது உண்டு. அது சரியல்ல. பாகவதரின் குழைவு வேறு, கிட்டப்பாவின் வேகம் வேறு. இருவருக்கும் ரசிகர்கள் இருந்திருப்பார்கள். பிற்பாடு பாகவதர் கட்சி, பி.யு.சின்னப்பா கட்சி என்று ஜனங்கள் பிரிந்து வாதாடவில்லையா? அந்தச் சண்டை பத்து ஆண்டு முன்பே கிட்டப்பா கட்சியோடு தொடங்கியிருக்கும். அவ்வளவுதான்.

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு வந்த பாகவதரின் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அப்போது கிட்டப்பாவுக்கு 38 வயது ஆகியிருக்கும். கதாநாயகன் வேடத்துக்கு நல்ல வயதுதான். அதே ஆண்டு கொலை வழக்கில் பாகவதர் கைதாகிச் சிறைக்குப் போனார். 1947-ல் விடுதலையாகி வந்தபோது உலகம் மாறிவிட்டது. பழைய செல்வாக்கு திரும்பவில்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் பாடும் கதாநாயகனுக்கு ஏங்கிய படக்காரர்கள் கிட்டப்பாவின் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

அதற்குப் பிறகு? 1952-ல் 'பராசக்தி' வந்தது. வசனத்துக்குக் கைதட்டும் காலம் பிறந்தது. பாட்டுக்குப் பின்னணிப் பாடகர்கள் வந்தார்கள். 46 வயதுக் கிட்டப்பாவுக்குத் திரையில் வேலை குறைந்திருக்கும்.

மைக் வந்த பிறகு

ஆனால் அவருக்குத் திரை மட்டும்தானா வாழ்வு?

1938-ம் ஆண்டு சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் திறந்தார்கள். மேடைகளிலும் மைக் வந்தது. உரத்துப் பாடவேண்டிய தேவை போயிற்று. மெதுவாகப் பாடினாலும் கடைசி வரிசைக்குக் கேட்டது. உச்ச சுருதி தவிர வேறு சரக்கு இல்லாதவர்கள் திண்டாடினார்கள்.

கிட்டப்பாவிடம் சரக்கு இருந்தது. வயது ஏற ஏறச் சுருதியைக் கொஞ்சம் இறக்கி, நிதானமாக ராகம் பாடியிருப்பார். அந்தக் கிட்டப்பாவை யாரும் கேட்டதே இல்லை. நமக்கு உண்மையான இழப்பு அதுதான். இளமையின் பாய்ச்சல் இசைத்தட்டில் இருக்கிறது. பக்குவம் வருவதற்குமுன் பாட்டு நின்றுவிட்டது.

அந்த நாளில் சபா வித்துவான்கள் படத்துக்கு வந்தார்கள். முசிரி சுப்பிரமணிய அய்யர் 1938-ல் 'துக்காராம்' ஆக நடித்தார். ஜி.என்.பாலசுப்பிரமணியம் 1940-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமியுடன் 'சகுந்தலை'யில் நடித்தார். சபாவிலிருந்து சினிமாவுக்கு வழி இருந்தபோது, நாடகத்திலிருந்து சபாவுக்குக் கிட்டப்பா போயிருக்க மாட்டாரா? 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்று நாடே கேட்டது. நாடக மேடையில் வாழ்நாளெல்லாம் தமிழில் பாடியவரை அந்த மேடை இரு கை நீட்டி அழைத்திருக்கும்.

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்த விழாவில் பாட, 50 வயதுக் கிட்டப்பாவைவிடப் பொருத்தமானவர் யார்?

வெள்ளைச் சேலை

இனி சுந்தராம்பாளின் கதை. இங்கேதான் இந்தக் கற்பனை நெஞ்சைச் சுடுகிறது.

கணவர் இறந்தபோது அவருக்கு வயது 25. நகைகளைக் கழற்றினார். வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி கொண்டார்.

அதனால்தான் 1935-ம் ஆண்டு 'நந்தனார்' படத்தில் அவரே நந்தனாராக, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! நாடே வாய் பிளந்தது. பிறகு 1940-ல் துறவி 'மணிமேகலை'. 1953-ல் ஜெமினியின் 'அவ்வையார்'.

எல்லாம் பற்றற்றவர்களின் வேடம். கிட்டப்பா வாழ்ந்திருந்தால் இவற்றில் ஒன்றாவது அவரைத் தேடி வந்திருக்குமா? சந்தேகம்தான். இருவரும் திரையில் முருகனும் வள்ளியுமாக ஆடிப் பாடியிருப்பார்கள். சுந்தராம்பாள் பட்டுச் சேலையும் வைர மூக்குத்தியுமாக வலம் வந்திருப்பார். தமிழ்நாட்டுக் குழந்தைகள் அவ்வைப் பாட்டி என்றதும் நினைத்துக்கொள்கிற அந்த முகம் வேறொருவருடையதாக இருந்திருக்கும்.

எது வேண்டும் என்று சுந்தராம்பாளைக் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லிவிடுவாள்.

1964-ல் 'பூம்புகார்' வந்தது. கோவலன் கதை. நாடக மேடையில் இளம் ஜோடிகள் விடிய விடியப் பாடிய பழைய கதை. அதில் சுந்தராம்பாள் கவுந்தி அடிகளாக, துறவுக் கோலத்தில் வந்து பாடினார். கிட்டப்பா இருந்திருந்தால் அப்போது அவருக்கு 58 வயது.

1980-ம் ஆண்டு சுந்தராம்பாள் மறைந்தார். கணவர் போய் ஏறக்குறைய 47 ஆண்டுகள். அதுவரை அந்த வெள்ளைச் சேலை மாறவில்லை.