இசைத்தட்டில் தம் பெயர் சொன்ன இசையரசி

தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிவது தமிழர் வாழ்வு. பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பை நாடி வடபுலம் வந்து குடியேறிய நமக்கோ பாட்டு இன்னும் ஒரு படி நெருங்கிய சுற்றம். முன்னாளில் வானொலிப் பெட்டியும், பின்னர் ஒலிநாடாவும், இந்நாளில் கைப்பேசியும் அச்சுற்றத்தை நம் காலனி வீடுகளுக்கு அழைத்து வந்திருக்கின்றன. ஆயினும் அப்பாட்டைப் பாடியவர் யார், அவர் கைக்கு வந்த ஊதியம் யாது, விற்றவர் கைக்குச் சென்ற இலாபம் யாது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இசை வாணிகத்தில் உள்ள குறை இன்று முளைத்ததன்று. இந்நாட்டில் அவ்வாணிகம் பிறந்தபோதே உடன்பிறந்தது. அதனை அறிய, இந்திய இசைத்தட்டின் முதற்பெரும் பாடகியாகிய கௌஹர் ஜான் அம்மையாரின் வரலாற்றை ஒருமுறை நோக்குதல் வேண்டும்.

அம்மையார் 1873ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஆஜம்கட்டில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஏஞ்சலினா. தந்தையார் ராபர்ட் யோவர்ட் ஆர்மீனிய மரபினர். தாயார் விக்டோரியா இந்தியாவிலேயே பிறந்து, ஆடலும் பாடலும் பயின்றவர். மகள் சிறு குழந்தையாக இருக்கும்போதே மணவாழ்வு முறிந்தது. பற்றுக்கோடு இன்றி நின்ற தாயார் காசிக்குச் சென்றார். இஸ்லாத்தைத் தழுவி மல்கா ஜான் எனப் பெயர் பெற்றார். மகள் கௌஹர் ஜான் ஆனார். அருமணி என்பது கௌஹர் என்னும் சொல்லின் பொருள்.

1883இல் தாயும் மகளும் கல்கத்தா வந்து சேர்ந்தனர். நாடிழந்த அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா அந்நகரை அடுத்த மட்டியாபுருஜில் வாழ்ந்து, கலைஞர் பலரைப் புரந்து வந்த காலம் அது. பிழைப்புத் தேடி அயலூர் வந்து, அவ்வூர் மொழியைக் கற்று, அங்கேயே வேரூன்றுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சிறுமி கௌஹர் அவ்வாறே வேரூன்றினார். கதக் நடனத்தில் புகழ்பெற்ற பிந்தாதீன் மகராஜ் முதலிய ஆசான்களிடம் பயின்றார். வங்காளக் கீர்த்தனமும் தும்ரியும் கியாலும் அவர் நாவில் குடிகொண்டன. 1887இல் தர்பங்கா அரசவையில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. பதினான்கு வயதுக்குள் அரசவை ஏறிய அப்பெண்ணின் புகழ் விரைவில் வடநாடு முழுதும் பரவிற்று.

இந்நிலையில் 1902ஆம் ஆண்டு வந்தது. இலண்டனில் இருந்து கிராமபோன் கம்பெனியார் அனுப்பிய பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் ஒலிப்பதிவுக் கருவிகளுடன் கல்கத்தாவில் இறங்கினார். புதிய பொறியைக் கண்டு பெரிய வித்துவான்கள் பலர் அஞ்சி ஒதுங்கினர். துணிந்து முன்வந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. நவம்பர் மாதம் கௌஹர் ஜான் அம்மையார் அப்பொறியின் முன் அமர்ந்தார். அன்று ஒலிவாங்கி கிடையாது. மின்சாரப் பதிவு வந்தது 1925க்குப் பின்னரே. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயில் முகத்தைக் கொண்டுபோய் உரக்கப் பாடவேண்டும். ஆடாமல் அசையாமல் பாடவேண்டும். அதைவிடக் கடினமானது காலக்கெடு. இரவு முழுதும் விரித்துப் பாடும் இராகத்தை ஏறக்குறைய மூன்று நிமிடங்களுக்குள் அடக்கியாக வேண்டும். கடலைக் குடத்தில் அடைப்பது போன்ற அவ்வேலையை அம்மையார் திறம்படச் செய்தார். விரிவு குன்றினாலும் சுவை குன்றாமல், தொடக்கமும் முடிவும் பொருந்தப் பாடும் முறையைத் தாமே வகுத்துக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்த குரலில் சொல்லி முடிப்பது அவர் வழக்கம். மெழுகில் பதிந்த மூலப்பதிவுகள் செருமனி நாட்டு ஹானோவர் நகரத் தொழிற்சாலைக்குச் சென்றன. தட்டுகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டும் அவ்வூர்த் தொழிலாளருக்கு இன்னார் பாடியது என்று தெரிவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது என்பர். ஆனால் கேட்டவர்களுக்கு அது வெற்றி முழக்கமாகவே ஒலித்தது.

இங்கே இரயில்வேயில் பணிபுரியும் நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. அந்நாள் இசைத்தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும் மரத்திலும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. ஏழைக் குடியானவர் சேர்த்த அரக்கு சரக்கு வண்டியேறிக் கல்கத்தாத் துறைமுகம் சேரும். கப்பலேறி அயல்நாடு செல்லும். தட்டாகித் திரும்பி நம்மவரிடமே விலைக்கு வரும். அரக்கும் நம்முடையது, குரலும் நம்முடையது, வாங்குவோரும் நம்மவரே. இடையில் நின்ற கம்பெனியிடமே ஊதியம் தங்கியது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. சரக்கு செல்லும் தொலைவு குறைந்தது, கணக்கு மாறவில்லை.

1902 முதல் 1920 வரை அம்மையார் பத்துக்கு மேற்பட்ட மொழிகளில் ஏறக்குறைய 600 பதிவுகள் செய்தார். அவர் உருவம் அஞ்சலட்டைகளிலும், ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டிகளிலும் விற்பனையாயிற்று. 1910இல் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் பாடினார். அவருடைய இந்துஸ்தானிப் பாடல்கள் தமிழ் இசைநூல் ஒன்றிலும் ஏறின. 1911 டிசம்பரில் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாத் தர்பாரில் அலகாபாத் ஜானகிபாயுடன் சேர்ந்து பாடினார். அதே காலத்தில் தென்னாட்டிலும் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி போன்ற பெண்மணிகளின் குரலே இசைத்தட்டு வாணிகத்தைத் தாங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

பாடுவதற்கு முன்பே பெருந்தொகை பேசி வாங்குவதில் அம்மையார் வல்லவர். அவ்வகையில் அவர் ஏமாளி அல்லர். ஆயினும் அக்காலத்துப் பொதுவழக்கு யாது? பாடிய நாளில் ஒரு தொகை, அத்தோடு சரி. தட்டு நூறு விற்றாலும் இலட்சம் விற்றாலும் அதன்பின் பாடகருக்குப் பங்கு கோரும் உரிமையில்லை. 1911இல் இங்கிலாந்தில் இயற்றி, 1914இல் இந்தியாவிலும் நடைமுறைக்குக் கொணர்ந்த பதிப்புரிமைச் சட்டம் இசைத்தட்டுக்கு உரிமை வழங்கியது. அவ்வுரிமை மூலத்தட்டின் சொந்தக்காரருக்கே உரியது. தட்டுக்கு உயிர் கொடுத்த குரலுக்குச் சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. தட்டைச் செய்தவர் உடைமையாளர், பாடியவர் கூலியாள். இதுவே இசை வாணிகத்தின் மூலநோய் என்பது நம் கருத்து.

அம்மையாரின் செல்வம் கரைந்ததற்குக் கம்பெனி ஒன்றே காரணம் என்று கூறுதல் நியாயமாகாது. அவர் கைவீசிச் செலவிட்டவர். நம்பியவரோடு மூண்ட சொத்து வழக்குகள் பல ஆண்டுகள் நீண்டு பொருளை விழுங்கின. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உழுதவனுக்கு நிலம் இருந்தால் ஒரு போகம் பொய்த்தாலும் மறுபோகம் உண்டு. நம்மைப் போன்ற உத்தியோகஸ்தருக்குச் சேமநிதி உண்டு. அறுநூறு பதிவுகளுக்குக் குரல் தந்தவருக்கோ அவற்றிலிருந்து முதுமைக்கு வரவேண்டிய நிலைத்த வருவாய் என்று சட்டம் எதையும் வைக்கவில்லை. புதிய குரல்களும் புதிய முறைகளும் வந்தன. வாணிகம் அவற்றின் பின் சென்றது.

இறுதியில் அவரை ஆதரித்தது வாணிகம் அன்று. பழைய அரச மரபே. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1928 ஆகஸ்டு முதல் நாள் அவரை அரண்மனைப் பாடகியாக நியமித்தார். அங்கும் நெடுநாள் வாழ்வு அமையவில்லை. 1930 ஜனவரி 17ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில், பிறந்த ஊருக்கும் புகழ் தந்த நகருக்கும் நெடுந்தொலைவில், மைசூரில் கண்மூடினார்.

அதன் பின்னர் நாடு விடுதலை பெற்றது. 1957இல் நமக்கென ஒரு பதிப்புரிமைச் சட்டம் வந்தது. அதிலும் பாடகருக்கு இடமில்லை. 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஊதியம் கொடுத்துத் திரைப்படத்துக்காக ஆக்குவித்த இசையின் முதல் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடில், படத்தயாரிப்பாளருக்கே சென்றது. 1994இல்தான் பாடுவோருக்கும் இசைப்போருக்கும் சட்டத்தில் ஓர் உரிமை பிறந்தது. 2012இல் செய்த திருத்தம் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் எழுதிக் கொடுத்துவிட்டாலும் இழக்க முடியாத பங்கை அளித்தது. பாடகருக்கும் உரிமைத்தொகை கூறிற்று. அதைத் திரட்ட 2013இல் இந்தியப் பாடகர் உரிமைச் சங்கம் பதிவு பெற்றது. கௌஹர் ஜான் அம்மையார் குழல்முன் அமர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இதற்கு நூற்றுப்பத்து ஆண்டுகள் கடந்தன. ஏட்டில் ஏறிய உரிமை எளிய கலைஞரின் கைக்குக் காசாக வந்து சேர்வது இன்னும் வேறு பாடு.

இசைத்தட்டுக்கு நம் சட்டம் தரும் காப்பு அறுபது ஆண்டுகளே. ஆகையால் அம்மையாரின் பதிவுகள் இன்று எவர்க்கும் பொது. விரும்பியவர் விலையின்றிக் கேட்கலாம். கேட்போர் அந்தக் கரகரப்பின் ஊடே இறுதிவரை கேட்பாராக. பாட்டு முடிந்தபின் ஒரு பெண் தன் பெயரை அச்சமின்றிச் சொல்வது காதில் விழும்.

இவ்வாண்டு விழாவிலும் நம் காலனிக் குழந்தைகள் மேடையேறிப் பாட இருக்கின்றனர். மெல்லிசைக் குழுவும் நாதசுரக் குழுவும் வர இருக்கின்றன. சங்க அன்பர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் அதனை எழுதியவர், இசையமைத்தவர், முதலில் பாடியவர் ஆகிய மூவரின் பெயரையும் அறிவிப்பாளர் கூறட்டும்; படத்தின் பெயரும் நடிகர் பெயரும் மட்டும் போதா. வந்த கலைஞருக்குப் பொன்னாடையோடு நில்லாமல், பேசிய தொகையை விழா முடிந்த இரவே குறைவின்றிக் கொடுப்போம். நாட்டின் இசை வாணிகத்தைத் திருத்தும் ஆற்றல் நம் சங்கத்துக்கு இல்லை. நம் மேடைக்கு வரும் கலைஞர் மனக்குறை இன்றி ஊர் திரும்பச் செய்யும் ஆற்றல் உண்டு. அதை இவ்வாண்டே தொடங்குவோமாக.